மூடியாச்சு

எந்தப் பாத்திரத்தை மூடினாலும் அக்கா வாய்விட்டுச் சொல்வார்: "மூடியாச்சு." யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்வார், இல்லாவிட்டாலும் சொல்வார். சோற்றுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், பேனா மூடி எதுவாக இருந்தாலும் சரி. மூடிவிட்டு, இன்னொரு தடவை விரலால் முறுக்கிப் பார்த்து, அப்புறம்தான் அந்தச் சொல் வரும்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் பேசிக்கொண்டே அடுப்பங்கரைத் தட்டில் இருக்கிற போத்தல்களை எல்லாம் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் உட்காருவார். என் மாமியாருக்கு இது பிடிக்காது. "ஒன் சிநேகிதி வந்துட்டுப் போனா சீனிப் போத்தலத் தெறக்க ஆம்பள ஆளு தேவைப்படுது" என்பார். அதை நான் அக்காவிடமே சொல்லியிருக்கிறேன். கோபப்படவில்லை. "தெறக்க முடியலன்னு திட்டு வாங்கலாம் புள்ள. தெறந்து கெடந்துச்சேன்னு வாங்கக்கூடாது" என்றார்.

என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நாங்கள் வேலை செய்த பட்டறையில் எல்லாரும் 'மருந்து ரூம் அக்கா' என்பார்கள். நான் வெறும் அக்கா என்பேன்.

ஹட்டனிலிருந்து கொஞ்சம் தள்ளி, மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபெக்டரியை வாடகைக்கு எடுத்து அந்தப் பட்டறையை நடத்தினார்கள். கொழுந்து வாட்டிய மேல்மாடியில் நாங்கள் பதினைந்து பெண்கள் ஃபைபர் என்கிற கண்ணாடி நார்த் துணியை விரித்து ரெசின் பசை தடவுவோம். தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, நீர்த்தேக்கத்தில் ஓட்டுகிற சின்னப் படகு என்று செய்து அனுப்புவார்கள். எங்களில் பாதிப் பேருடைய அம்மாமார் அதே மாடியில் கொழுந்து கொட்டியவர்கள். அவர்கள் மேல் தேயிலை வாசம் வீசியது, எங்கள் மேல் ரெசின் நாற்றம் வீசியது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

கீழே, முன்பு தூள் சலித்த சின்ன அறைதான் மருந்து ரூம். தோட்டத்தில் புல்லுக்கு அடிப்பதும் மருந்து, கொழுந்துக்கு அடிப்பதும் மருந்து என்பதால், பட்டறைக்கு வந்த இரசாயனங்களையும் நாங்கள் மருந்து என்றே சொன்னோம். அதில் ஒன்றுக்குத்தான் அக்கா உண்மையில் பயப்பட்டார். சைலேன் என்று பெயர். கண்ணாடி நாரும் ரெசினும் தாமாக ஒன்றையொன்று இறுகப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் இதைக் கொஞ்சம் பூசினால் பிடித்துக்கொள்ளும். பார்வைக்குத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஒரு மாதிரி கவிச்சி அடிக்கும். அதனால் மேல்மாடியில் அதற்கு 'மீன் எண்ணெய்' என்று பெயர் வைத்திருந்தோம். அக்காவுக்கு முன்னால் அப்படிச் சொன்னால் முறைப்பார். "மீன் எண்ணெய்ன்னு சொல்லிச் சொல்லியே ஒருநாள் எவளாவது தொட்டு நக்கப் போறீங்க."

கேனோடு ஓர் ஆங்கிலத் தாள் வரும். மற்ற மருந்துகளோடு வருகிற தாள்கள் எல்லாம் மெனேஜர் மாத்தயாவின் கோப்புக்குள் போய்த் தூங்கும். இதை மட்டும் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு, தங்கள் கோயில் பாதரிடம் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டு, பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். பட்டறையில் சிங்களப் பெண்களும் இருந்ததால் அவர்களில் ஒருத்தியைப் பிடித்துச் சிங்களத்திலும் எழுத வைத்தார். இரண்டையும் கதவில் ஒட்டினார். ஈரம் படக்கூடாது. ஈரம் பட்டால் சூடாகும், மெத்தனால் என்கிற ஆவி கிளம்பும். மூடிய கேனுக்குள் ஈரம் போனால் கேன் ஊதும். கையுறை இல்லாமல் தொடாதே. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவு, கழுவிவிட்டு வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாதே, டொக்டரிடம் போ. தீயைப் பக்கத்தில் கொண்டுவராதே. சிந்தினால் உலர்ந்த மணலைப் போடு.

"அது என்னாக்கா மெத்தனால்?" என்று நான்தான் கேட்டேன்.

"கள்ளத்தனமா காய்ச்சுற கசிப்பைக் குடிச்சிட்டுக் கண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டிருக்கியா? அந்தக் கசிப்புக்குள்ள இருக்குமே, அதுதான்."

அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கசிப்பில் பார்வை போனவர் ஒருவராவது எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்.

அவர் பாதுகாத்த விதம் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் உலர்ந்த மணலைக் கொட்டி, அதில் கேனைக் கழுத்துவரை புதைத்து வைத்திருந்தார். வாய் மட்டும் வெளியே தெரியும். சாய்ந்தாலும் ஒழுகினாலும் மணல் குடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கேனிலிருந்து உறிஞ்சி எடுக்கிற கைப்பம்பை ஒரு தனிப்பெட்டியில், சின்னக் குண்டுபல்பு எரிய, அதன் சூட்டில் தொங்கவிட்டிருப்பார். குளிர்ந்தால் பம்புக்குள் ஈரம் கோக்குமாம். எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாத ஹீட்டர் அதற்கு இருந்தது.

மலையில் பனி எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். பகல் சாப்பாடு முடிந்ததும் பள்ளத்திலிருந்து ஏறி, ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்றரைக்கு அக்கா மருந்து ரூமைப் பூட்டிவிடுவார். அதற்குப் பிறகு பெரிய மெனேஜரே வந்து நின்றாலும் ஒரு சொட்டுக் கிடைக்காது. ஒருநாள் அவர் வந்தே நின்றார். கொழும்புக்கு அவசரமாக ஒரு தொட்டி போக வேண்டும். அக்கா சிங்களத்தில் பணிவாகப் பேசினார், ஜன்னலைக் காட்டினார், சாவியை மட்டும் கொடுக்கவில்லை. மெனேஜர் திட்டிக்கொண்டு போனதும் அக்கா, "பனி போனப்புறம் நாளைக்கு வரட்டும். பனிக்கு மெனேஜர் யாரு, லேபர் யாருன்னு தெரியாது" என்றார்.

காலிக் கேன் விஷயத்தில்தான் அவர் நிறையப் பேரைப் பகைத்துக்கொண்டார். நல்ல தடித்த நீலக் கேன். மூடி இறுக்கமானது. லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஊற்றுக் குழாய்ப் பீலியில் முறை காத்துத் தண்ணீர் பிடித்துச் சுமக்கிற எங்கள் ஊரில், அப்படி ஒரு கேனுக்காக உறவே முறியும். அக்காவோ காலியானதும் இரும்புக் கம்பியைக் காய்ச்சி அதன் அடியில் ஓட்டை போட்டுவிடுவார். அதுவும் பல நாள் மூடியில்லாமல் வெட்டவெளியில் மணல் போட்டுக் கிடந்த பிறகுதான். தீ விஷயத்தில் அவ்வளவு கவனம். மேல் லயத்து மனுஷி ஒருத்தி ஒருநாள் வந்து பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"குப்பையில போடுற கேனுக்கு ஒனக்கு என்னா வயித்தெரிச்சலு? நாங்க தண்ணி குடிச்சா ஒனக்கு ஆகாதா?"

"தண்ணி குடிச்சா ஆகும். இதுல குடிச்சா ஆகாது."

"கழுவிக்க மாட்டமா?"

"அதைத்தாங்க வேணாங்கிறேன். அடியில ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. தண்ணிய ஊத்தி மூடிக் குலுக்குனீங்கன்னா ஒங்க மூஞ்சியிலதான் அடிக்கும்."

அவள் மண்ணை வாரித் தூற்றாத குறைதான். அக்கா ஓட்டைக் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லாரும் கெட்ட பெயர் சொல்ல, அதே எல்லாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நிற்கிற ஒரு மனுஷி. அப்படி ஒருத்தரை நான் வேறு பார்த்ததில்லை.

அவருடைய வலது கண் போனது என்னால்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏழு வருடமாக அப்படித்தான். இப்போது நான் பூண்டுலோயாவில் தையல் கடை வைத்திருக்கிறேன். மத்தியானப் பனி கடைக்குள் வரும்போது, தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: "எத்தன நிமிஷம் ஆச்சு புள்ள?" திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். அக்கா உயிரோடு, மஸ்கெலியாவில், பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறார். செத்துப்போனவர்கள்தான் வந்து நிற்பார்கள் என்று யார் சொன்னது?

அது சரஸ்வதி பூஜை சமயம். எங்கள் பக்கம் எந்தப் பட்டறையாக இருந்தாலும் அன்றைக்குச் சாமான்களை எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமிக்கு முன்னால் வைப்போம். மறுநாள் விஜயதசமிக் காலையில் நல்ல நேரம் பார்த்து, ஒவ்வொரு சாமானையும் எடுத்து ஒரு தடவையாவது வேலை செய்ய வைக்க வேண்டும். உருளையை ஒரு தடவை உருட்டுவோம், கத்தரியால் ஒரு துண்டு வெட்டுவோம். விடுபட்ட சாமான் வருடம் முழுக்க மக்கர் பண்ணும் என்று நம்பிக்கை.

அக்கா வேதக்காரர், கிறிஸ்தவர். பூஜைக்கு முதல்நாள் புதன்கிழமை, மருந்து ரூம் சாவியை என் கையில் கொடுத்தார். மஸ்கெலியாவில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வெள்ளி காலை நேராக வேலைக்கு வருவதாகச் சொன்னார்.

"ஒங்க சாமிக்கு நான் குறுக்க நிக்கல. கதவுக்குப் பொட்டு வைங்க, பெட்டிக்குப் பொட்டு வைங்க. எதையும் கழுவாத. துணியால தொடச்சா போதும். கேனத் தொடாத. சரியா?"

"சரிக்கா."

"நீங்கிறதாலதான் குடுக்கிறேன்."

வியாழன் காலையில் நான் மருந்து ரூமைத் திறந்து துடைத்தேன். பல்புப் பெட்டிக்குள் பம்பு தொங்கியது. அதன் மேல் மருந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, கவிச்சி அடித்துக்கொண்டு இருந்தது. துணிக்கு வரவில்லை. கவிச்சி அடிக்கிற சாமானைச் சரஸ்வதிக்கு முன்னால் எப்படி வைப்பது? அவ்வளவுதான் என் யோசனை. கையுறை போட்டுக்கொண்டேன், அதில் மட்டும் புத்திசாலி. பீலிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். உதறினேன். வெயிலில் வைத்தேன். எங்கள் மலை வெயில் பேருக்குத்தான் வெயில். வெளியே காய்ந்திருந்தது. உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் காப்புக் கண்ணாடியையும் கழுவி, ஆசையாக இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஒவ்வொரு சந்தனப் பொட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நல்ல நேரம். எல்லாரும் அவரவர் சாமானைக் கை தொட்டார்கள். பம்பு மட்டும் விடுபட்டுவிடுமே என்று எனக்கு இருந்தது. அக்காவுடைய சாமான், அக்காவுக்கு வருடம் முழுக்க நல்லபடியாக ஓட வேண்டும். கேன் மூடியைத் திறந்து, பம்பை உள்ளே விட்டு, ஒரே ஒரு தடவை அழுத்தினேன். குழாய்க்குள் தங்கியிருந்த தண்ணீர் கேனுக்குள் இறங்கியது. அது எனக்குக் கேட்கக்கூட இல்லை. பம்பை எடுத்துப் பல்புப் பெட்டியில் மாட்டினேன். கேன் மூடியை அக்கா மாதிரியே நன்றாக முறுக்கி மூடினேன். பெருமையாக இருந்தது.

எட்டரைக்கு அக்கா வந்தார். சாவியைக் கொடுத்தேன். ஒன்பது மணிபோல மேல்மாடியிலிருந்து மருந்து கேட்டார்கள். நானும் கூடப் போய்க் கதவருகில் நின்றேன். அக்கா கையுறை போட்டார், கண்ணாடியை மாட்டினார், சிரித்தார். "அடியே, கண்ணாடிக்கும் பொட்டா? எப்படிடி பாக்கிறது?" என்று அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, மூடியைத் திருகினார். கேன் ஊதியிருந்ததை மணல் மறைத்திருந்தது. சாய்ந்தாலும் ஒழுகினாலும் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டவர், இதற்குப் போடவில்லை.

உஸ் என்று ஒரு சத்தம்தான். அப்புறம் அவருடைய அலறல்.

பீலிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். தலையைத் தண்ணீருக்குள் பிடித்தேன். மலைத் தண்ணீர், எலும்பு வரைக்கும் குளிரும். இமை தானாக மூடிக்கொண்டது. என் விரலால் பிரித்துப் பிடித்தேன். சுற்றிலும் கூட்டம். தாய்ப்பால் விடுங்கள் என்றாள் ஒருத்தி, பிள்ளைக்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில், போதும் வண்டியில் ஏற்று என்றார்கள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விடாத. பதினஞ்சு நிமிஷம். எத்தன நிமிஷம் ஆச்சு புள்ள?"

"மூணுக்கா."

"விடாத."

கொஞ்சம் கழித்து, "எத்தன நிமிஷம் ஆச்சு புள்ள?"

"ஆறு."

பதினைந்து நிமிடமும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தத் தண்ணீரால்தான் இடது கண் ஓரளவுக்காவது மிஞ்சியது என்று கண்டியில் டொக்டர் சொன்னாராம். அதை வைத்துக்கொண்டு நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். கெடுத்த கையேதான் காப்பாற்றியது என்று. அப்படி நினைத்தாலே எனக்கு என் மேல் அருவருப்பு வரும்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஈரம் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படிப் போனது? கடைசியாக எப்போது திறந்தது? புதன்கிழமை, அக்கா. அன்றைக்கு அவர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. பேச வெளியே போனார். பல பேர் பார்த்திருந்தார்கள். ஆக, கேனைத் திறந்து போட்டுவிட்டுப் பேசப் போயிருக்கிறார், அந்த நேரத்தில் பனி புகுந்திருக்கிறது. எழுதிவிட்டார்கள்.

"பூஜைக்கு மருந்து ரூமைத் திறந்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"திறந்தோம். பொட்டு மட்டும்தான் வச்சோம்."

அதுதான் நான் சொன்னது. கேனைத் தொட்டீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றேன். இரண்டு பிள்ளைகளோடு அந்த வேலையை நம்பி இருந்தேன், பயந்துவிட்டேன். ஆனால் ஆயிரம் பேர் பயந்துகொண்டு உண்மை சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது கட்டோடு படுத்திருந்தார். என் குரலைக் கேட்டதும், "நீ சாட்சி சொன்னியாமே" என்றார். "நானும் அவங்ககிட்டச் சொன்னேன். அவகிட்ட சாவியக் குடுத்தேன், சொன்னாக் கேக்கிற புள்ள, தொட்டிருக்க மாட்டான்னு." அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "நான் மூடிட்டுத்தானே புள்ள போன் பேசப் போனேன்?"

எனக்குத் தெரியும். அவர் மூடினார். "மூடியாச்சு" என்று சொன்னதை நானே படிக்கட்டில் நின்று கேட்டேன்.

"தெரியலக்கா" என்றேன்.

ஒரு கண்ணைக் கெடுத்தது அறியாமல். இந்த ஒரு சொல் அறிந்தே சொன்னது. எது பெரிய பாவம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் நான் வேலையை விட்டுப் பூண்டுலோயாவுக்கு வந்துவிட்டேன். இரண்டு தடவை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணின் ஓரத்தால் பஸ் பெயரைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார். முதல் தடவை நான் கடைக்குள் ஒளிந்துகொண்டேன். இரண்டாம் தடவை தப்ப முடியவில்லை, பக்கத்தில் வந்துவிட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. கையில் பை வைத்திருந்தார். யாரென்று தெரியாத என்னிடம் அதை நீட்டி, "இந்தப் போத்தல் சரியா மூடியிருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். எனக்கு என் கை மேல நம்பிக்கை இல்ல" என்றார்.

மருந்து எண்ணெய்ப் போத்தல். மூடி இறுகித்தான் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன், வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும். அவருக்கு என் தலையாட்டல் தெரிந்ததோ இல்லையோ, "நல்லாப் பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

கண் போனதைவிட இது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தோட்டமே எதிர்த்து நின்றபோதும் தன் கையை நம்பிய மனுஷி அவர். அந்த நம்பிக்கையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் ஏழு வருடமாக என் வீட்டில் ஒளித்து வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை என்னிடம் மட்டும்தான் இருந்தது.

போன மாதம் மஸ்கெலியாவுக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கோயிலுக்கு மேலே இருக்கிற லயம் என்று விசாரித்துப் போனேன். அக்கா வாசலில் பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணால் இல்லை, விரலால். என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டு அப்படி ஒரு சந்தோஷம். "அடியே, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா!" கையைப் பிடித்து உட்கார வைத்தார். தேத்தண்ணி போட எழுந்தார். குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோனது. நின்றபடியே சொன்னேன். கழுவியதை, வெயிலில் வைத்ததை, ஒரு தடவை அழுத்தியதை, கொழும்புக்காரர்களிடம் பொய் சொன்னதை.

"புதன்கிழம நீங்க மூடிட்டுத்தான் போனீங்க. நான் கேட்டேன். ஆஸ்பத்திரியில தெரியலன்னு சொன்னேனே, அது பொய்க்கா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

"நான் மூடுனேன்."

"ஆமாக்கா."

"நல்லா மூடுனேன்."

"ஆமா."

அவர் முகத்தில் அழுகை வந்தது, போனது. நான் காலில் விழப் போனேன். "எந்திரி" என்றார். அது நான் அறிந்த குரல் இல்லை. "எங்கிட்ட சொன்னது போதும். எனக்கு ஒரு கண்ணுதான் போச்சு." உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

பதினைந்து வயதுப் பிள்ளை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டறைக்கு வந்தால் என் மடியில் ஏறி உட்கார்ந்து சித்தி சித்தி என்று தின்பண்டம் கேட்பவள். இப்போது சிரிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் விட்ட நேரம்தான், ஆனால் சீருடை இல்லை.

"இவ ஸ்கூலுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு" என்றார் அக்கா. "காய்ச்சல்னாலும் சொல்ல மாட்டா. எங்க வலிக்குதுன்னு கேட்டா சொல்ல மாட்டா. அன்னிக்குத் தனக்குக் காய்ச்சல் வந்ததால, தனக்காக ஸ்கூல்ல இருந்து போன் பண்ணுனதாலதான் அம்மாவுக்குக் கண்ணு போச்சுன்னு இருக்கா. எட்டு வயசுல இருந்து. ஊரே அவ காதுபடப் பேசுச்சு. நானும் இல்லன்னு அடிச்சுச் சொல்லல. எனக்கே தெரியலையே, என்னான்னு சொல்லுவேன்?"

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஏழு வருடமாக நான் ஒருவருக்குத்தான் தீங்கு செய்தவள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இவகிட்ட சொல்லு" என்றார் அக்கா.

சொன்னேன். தெரியாமல் கழுவிவிட்டேன் என்று தொடங்கியதும் அக்கா தடுத்தார். "கழுவாதன்னு நான் சொன்னேன்ல. அதையும் சேத்துச் சொல்லு." மறுபடி முதலிலிருந்து, எதையும் விடாமல் சொன்னேன். அந்தப் பிள்ளை அசையாமல் கேட்டாள். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப, எனக்குக் காய்ச்சல் வந்ததால இல்லையா?"

"இல்லம்மா. ஒனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். கதவிலிருந்து கையை எடுத்தாள். அழுவாள், அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் எனக்கு நேராக வந்து நின்றாள்.

"இத்தன வருஷமா ஏன் சித்தி சொல்லல?"

வேலை போய்விடும் என்ற பயம், பிள்ளைகள், வெட்கம். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன். உதவிக்கு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பருப்புத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னப் பாக்காத" என்றார். "கேட்டது அவ. அவளப் பாத்துச் சொல்லு."